20 மாதங்கள் மட்டுமே ஓடிய சேர்பென்ஸ்



இரண்டாம் உலக யுத்தம் என்றதும் பிள்ளைகள் ஹிட்லரையும் ஹிரோஷிமாவையும் சொல்வார்கள். படைகளுக்குச் சோறும் குண்டும் சுமந்த சரக்குக் கப்பல்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை. இன்று அப்படியான ஒரு கப்பலைப் பற்றி.

1943 ஏப்ரல் 5ஆம் திகதி லொஸ் ஏஞ்சல்ஸில் கடலில் இறக்கப்பட்டபோது அதற்கு இருந்த பெயர் அமெரிக்க நீதியரசர் பெஞ்சமின் கார்டோசோவின் பெயர். அதே மாதம் கடற்படை அதைப் பொறுப்பேற்று, பாம்பு வடிவ நட்சத்திரக் கூட்டமொன்றின் பெயரான 'சேர்பென்ஸ்' என்பதைச் சூட்டியது. 'லிபர்ட்டி' வகைக் கப்பல், 441 அடி நீளம். ஒரே வரைபடத்தை வைத்து இப்படி 2,700க்கும் அதிகமானவற்றைக் கட்டினார்கள். எதிரி மூழ்கடிக்கும் வேகத்தைவிட வேகமாகக் கட்டவேண்டும், அவ்வளவுதான் கணக்கு.

மே 28இல் சேவைக்கு வந்தது. மாலுமிகள் அமெரிக்கக் கரையோரக் காவல்படையினர். தென் பசுபிக் தீவுகளுக்கு உணவும் பொதுச் சரக்கும் ஏற்றி இறக்கியதுதான் வேலை. 1944 இறுதியில் நியூசிலாந்தில் அதன் 3 சரக்கறைகள் வெடிபொருள் ஏற்றுவதற்காக மாற்றப்பட்டன.

1945 ஜனவரி 29 இரவு, சொலமன் தீவுகளின் குவாடல்கனால். அங்கே சண்டை முடிந்து ஏறத்தாழ இரண்டு வருடங்கள். லுங்கா கடற்கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு, நீர்மூழ்கிகளைத் தாக்கும் குண்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது கப்பல் வெடித்துச் சிதறியது. மிஞ்சியது முன்பகுதி மட்டும், அதுவும் மூழ்கிவிட்டது. 250 பேர் இறந்தார்கள். ஏற்றி இறக்க வந்த இராணுவத் தொழிலாளர்களும் ஒரு மருத்துவரும் அதில் அடக்கம். கப்பலில் இருந்தவர்களில் தப்பியது இரண்டே பேர். கரைக்குப் போயிருந்ததால் கப்டனும் இன்னும் சிலரும் பிழைத்தார்கள். அமெரிக்கக் கரையோரக் காவல்படையின் வரலாற்றில் ஒரே சம்பவத்தில் நேர்ந்த மிகப்பெரிய உயிரிழப்பு இதுதான்.

1947இலும்கூட இது எதிரியின் தாக்குதல் என்றே காவல்படை நம்பியது. யுத்த காலத்தில் அப்படி நம்புவது லேசு. பிள்ளையை இழந்த வீட்டுக்கும் அது ஒருவகை ஆறுதல். 1949இல்தான் கடற்படை, எதிரிக்கு இதில் பங்கில்லை, குண்டு ஏற்றும் வேலையில் நேர்ந்த விபத்து என்று முடிவுசெய்து கோப்பை மூடியது.

உடல்களைப் பிரித்து அடையாளம் காண முடியவில்லை. ஒரு ஜனாஸாவை இன்னாருடையது என்று அறிந்து அடக்குவது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை சுனாமியைக் கண்ட நமது கரையோர மக்களுக்குச் சொல்லத் தேவையில்லை. முதலில் குவாடல்கனாலிலேயே அடக்கினார்கள். பிறகு அங்கிருந்து எடுத்துவந்து, 1949 ஜூன் 15இல் வொஷிங்டனுக்கு அருகிலுள்ள ஆர்லிங்டன் தேசிய மயானத்தில் 52 பெட்டிகளில் வைத்து 28 கபுறுகளில் அடக்கினார்கள். அங்குள்ள நினைவுக் கல்லில் 250 பெயர்களும் இருக்கின்றன.