ஒரே நகரம், இரண்டு கம்பிகள்: ஆன்டெனாவுக்கு எர்த் எதற்கு?

மொட்டை மாடியில் ஷார்ட்வேவ் ஆன்டெனா கட்டுகிறவர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "எங்க ஊர்ல இடி மின்னல் ரொம்பக் கம்மிங்க, ஆன்டெனாவுக்கு எர்த் எதுக்கு?" நியாயமான கேள்விதான். ஆனால் இதற்கான பதில், ரேடியோ பிறப்பதற்கு நூறு வருஷத்துக்கு முன்னாலேயே கிடைத்துவிட்டது. அந்தக் கதையைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன்.

1752 செப்டம்பர், பிலடெல்பியா. பெஞ்சமின் பிராங்க்ளின் தன் வீட்டுப் புகைபோக்கிக்கு மேலே ஓர் இரும்புக் கம்பியை நட்டார். அதிலிருந்து ஓர் ஒயர் மாடிப்படி வழியாக இறங்கி, கிணற்றுப் பம்பின் இரும்பில் போய் முடிந்தது. படிக்கட்டுப் பக்கத்தில் அந்த ஒயரை வெட்டி, இரண்டு முனையிலும் ஆளுக்கொரு மணி கட்டினார். நடுவே பட்டு நூலில் ஒரு சின்னப் பித்தளைக் குண்டு. கம்பியில் மின்சாரம் ஏறினால் குண்டு அங்கும் இங்கும் ஆடி மணியை அடிக்கும்.

இதில் பிராங்க்ளின் கவனித்த ஒரு விஷயம் முக்கியம். இடியும் இல்லை, மின்னலும் இல்லை, கறுத்த மேகம் ஒன்று மேலே நகர்ந்து போகிறது, அவ்வளவுதான். அதற்கே சில சமயம் மணி அடித்தது! அதாவது, கம்பியில் மின்சாரம் சேர மின்னல் விழணும்னு அவசியமே இல்லை.

அடுத்த வருஷம் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரம். கியோர்க் வில்ஹெல்ம் ரிச்மன் என்ற இயற்பியலாளர், அங்கிருந்த அறிவியல் கழகத்தைச் சேர்ந்தவர். அவரும் கூரையில் கம்பி நட்டு, ஒயரை வீட்டுக்குள் கொண்டுவந்தார். ஆனால் அவருடைய நோக்கம் வேறு. வருகிற மின்சாரத்தை அளக்க வேண்டும். பூமிக்கு விட்டுவிட்டால் எப்படி அளப்பது? அதனால் கம்பியை எதிலும் படாமல் கண்ணாடியால் பிரித்து வைத்தார். 1753 ஆகஸ்ட் 6 அன்று இடி முழங்க, சோகோலோவ் என்ற செதுக்கோவியரையும் அழைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். அளவைப் பார்க்கக் கம்பியின் அருகே போனபோது மின்னல் தாக்கியது. அந்த இடத்திலேயே இறந்தார். சோகோலோவ் மயங்கி விழுந்து பிழைத்துக்கொண்டார். கம்பியில் வந்த மின்சாரம் தரைக்குப் போக ஒரு வழி தேடியது. அங்கே வேறு வழி இல்லை, ஒரு மனிதர்தான் இருந்தார்.

அதே நகரம், 142 வருஷம் கழித்து. 1895 மே 7 அன்று அலெக்சாண்டர் போபோவ் தன் கருவியைக் காட்டினார். இரும்புத்தூள் நிரப்பிய கண்ணாடிக் குழாய்தான் அதன் உயிர். கருவியின் ஒரு முனை மேலே போகும் கம்பியில், மறுமுனை பூமியில். தொலைவில் மின்னல் வெட்டினால் இங்கே மணி அடிக்கும். வனவியல் கல்லூரியில் பொருத்தியபோது சுமார் 30 கிலோமீட்டர் தூரத்து மின்னலைக்கூட அது பிடித்தது. பாருங்க, ஆரம்பகால ரேடியோ ஆன்டெனாக்களில் ஒன்று செய்த வேலையே மின்னலைக் கேட்பதுதான்!

சரி, நம்ம மாடிக்கு வருவோம். நல்ல வெயில் நாளிலும் தரையிலிருந்து மேலே போகப் போக, மீட்டருக்குச் சுமார் 100 வோல்ட் வீதம் மின்னழுத்தம் கூடுகிறது. காற்றில் பறக்கும் தூசியும் மழைத்துளியும் தங்கள் பங்குக்கு மின்னேற்றத்தைக் கொண்டுவந்து ஒயரில் சேர்க்கின்றன. தரையோடு தொடர்பில்லாத ஆன்டெனா என்பது ரிச்மனின் கம்பிதான். சேர்ந்தது போக வழியில்லாமல், கடைசியில் ரிசீவருக்குள்ளே பாயும். பழைய வால்வு ரேடியோவின் பின்பக்கம் ஏரியல், எர்த் என்று இரண்டு முனை இருந்ததே, ஞாபகம் இருக்கா? பல செட்டுகளில் இரண்டுக்கும் நடுவே ஒரு சுருள் இருக்கும். சேர்கிற மின்சாரம் அது வழியாகவே மெதுவாக வடிந்துவிடும். இன்றைய டிரான்சிஸ்டருக்கு அந்த அளவு தாங்கும் சக்தி கிடையாது.

அதனால் ஆன்டெனாவுக்கும் எர்த்துக்கும் நடுவே அதிக ஓம் ரெசிஸ்டரோ சுருளோ போடுங்கள். நிலைமின்சாரம் வடிந்துவிடும், சிக்னல் தங்கிவிடும். திடீர்ப் பாய்ச்சலுக்கு ஓர் அரெஸ்டர். இரும்புக் கம்பத்துக்கும் எர்த் வேண்டும். அந்த எர்த்தை வீட்டு எர்த்தோடு கட்டாயம் இணைக்க வேண்டும். தனித்தனியாக விட்டால் இரண்டுக்கும் நடுவே வோல்ட் வித்தியாசம் வரும். நேரடி மின்னலை இது எதுவும் முழுசாகத் தடுக்காது. வானம் இருட்டும் முன்பே ஒயரைக் கழற்றிவிடுங்கள். இடி இடிக்கும்போது கழற்றப் போகாதீர்கள். ரிச்மன் அப்படித்தான் கம்பியின் அருகே போனார்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.