மெக்கன்சி சாலைக் கரண்டு

ரெக்ஸ் திரையரங்கில் தமிழ்ப்படம் பார்த்தவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும், சிங்கப்பூர்த் தெருவிளக்குகளுக்கு மின்சாரம் முதலில் அதே மெக்கன்சி சாலையிலிருந்துதான் போனது என்று? ட்ராம் ஓட்டுவதற்காக 1905-ல் அங்கே ஒரு மின்நிலையம் இருந்தது. அதனிடமிருந்து மின்சாரத்தை மொத்தமாக வாங்கி, 1906-ல் ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம் நகராட்சி விளக்கேற்றியது. தேக்காக்காரர்கள் தாராளமாகப் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

அன்றைக்குப் பாதுகாப்பு என்றால் ஃபியூஸ் கம்பிதான். கரண்டு கூடினால் கம்பி உருகும், வயர் தப்பிக்கும். அடிக்கடி உருகுதே என்று தடித்த கம்பியாகப் பார்த்துக் கட்டிவிடுகிற கெட்டிக்காரர்கள் எல்லா ஊரிலும் உண்டு. 1924-ல் ஜெர்மனியின் மான்ஹைம் நகரத்து ஹூகோ ஸ்டோட்ஸ் நிறுவனம், விழுந்தால் திரும்பத் தூக்கிவிடக்கூடிய சின்ன பிரேக்கரைக் கொண்டுவந்தது. நம் வீட்டு டிபி பாக்ஸில் வரிசையாக நிற்பவை அதன் பேரப்பிள்ளைகள்.

ஆனால் இவை காப்பாற்றுவது வயரை, உங்களை அல்ல. அமெரிக்காவில் சார்ல்ஸ் டால்சியல் தன்னார்வலர்களை வைத்துச் சோதித்தார். கையில் பிடித்ததை விட முடியாமல் போகும் எல்லை ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லியாம்பியர். 20 ஆம்பியர் பிரேக்கருக்கு அது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை, உறைக்கவே உறைக்காது.

மனிதரைக் காக்கும் கருவி வர இன்னும் முப்பது வருஷம் ஆனது. 1950களின் நடுவில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களுக்காக ஹென்றி ரூபின், பிறகு ஆஸ்திரியாவில் பீகல்மையர், 1961-ல் டால்சியல் என்று தனித்தனியாக வேலை நடந்தது. யோசனை என்னவோ கணக்குப்பிள்ளை வேலைதான். போன கரண்டு முழுசாகத் திரும்பி வந்ததா? 30 மில்லியாம்பியர் இடித்தால், யார் உடம்பு வழியாகவோ மண்ணுக்குப் போகுது என்று வைத்துக்கொண்டு உடனே துண்டித்துவிடும். இதுதான் ஆர்சிசிபி. பல்கலைக்கழகத்தில் இதை ஒரே ஆய்வக வகுப்பில் முடித்துவிட்டார்கள்.

சிங்கப்பூரில் புது வீடுகளுக்கு இது கட்டாயமானது 1985 ஜூலையில். தேக்கா நிலையம் எழும்பியதோ 1982-ல். அந்தக் காலத்து வீடுகளில் இது இல்லாமலே இருக்கலாம். 2020-ல் ஜூரோங்கில் ஒரு பழைய வீவக வீட்டில் அப்பா, அம்மா, மகன் மூவரும் மின்சாரம் தாக்கி இறந்தார்கள். வாட்டர் ஹீட்டரில் கசிவு, வீட்டில் ஆர்சிசிபி கிடையாது. 2023 ஜூலை 1 முதல் எல்லா வீட்டுக்கும் கட்டாயம் என்று எரிசக்திச் சந்தை ஆணையம் அறிவித்து, பழைய வீடுகளுக்கு இரண்டு ஆண்டு அவகாசமும் கொடுத்தது.

அதனால் "சும்மா சும்மா ட்ரிப் ஆகுது" என்று சலித்துக்கொள்ளும் முன் விழுந்தது எது என்று பாருங்கள். சின்ன பிரேக்கர் என்றால் அதிகச் சுமை, அல்லது ஷார்ட். ஆர்சிசிபி என்றால் கசிவு. எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டு, பிரேக்கர்களை இறக்கி, ஆர்சிசிபியைத் தூக்குங்கள். பிறகு ஒவ்வொன்றாக ஏற்றுங்கள், எதில் விழுகிறதோ அதுதான் ஆள். பெரும்பாலும் கெட்டில், ஹீட்டர், இல்லாவிட்டால் ஊரிலிருந்து தூக்கிவந்த கிரைண்டர். சுவிட்சை அணைத்தால் போதாதா என்றால், போதாது. வீட்டு பிரேக்கர் பொதுவாக லைவை மட்டும்தான் வெட்டும், நியூட்ரல் வழிக் கசிவு அப்படியே இருக்கும். பிளக்கைப் பிடுங்கியே ஆகணும். எல்லாம் பிடுங்கியும் நிற்கவில்லையா? கோளாறு சுவருக்குள் இருக்கலாம், உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அதுவரை அதைத் திரும்பத் திரும்பத் தூக்கிவிடாதீர்கள்.