கேன் (இசைக்குழு)

கேன், 1968இல் மேற்கு ஜெர்மனியின் கொலோன் நகரில் உருவான சோதனைமுறை ராக் இசைக்குழு. சைக்கடெலிக் ராக் இசையை ஒலிநாடா வெட்டும் மேசைவரை கொண்டுபோனவர்கள் இவர்கள். கீபோர்டு வாசித்த இர்மின் ஷ்மிட்டும் பாஸ் கிட்டார் வாசித்த ஹோல்கர் சூகாயும் இசையமைப்பாளர் கார்ல்ஹைன்ஸ் ஸ்டாக்ஹவுசனிடம் பயின்றவர்கள். டிரம்ஸ் கலைஞர் யாக்கி லீபெட்சைட், தாளக்கட்டில்லாத ஃப்ரீ ஜாஸை உதறிவிட்டு வந்தவர். மூவரும் முப்பதைத் தொட்டிருந்தனர். கிட்டார் வாசித்த மிக்கேல் கரோலி மட்டும் இளைஞர், சூகாயின் மாணவர்.

குழுவுக்குத் தலைவர் கிடையாது. பாட்டை எழுதிவைத்து வாசிக்கும் வழக்கமும் இல்லை. மணிக்கணக்கில் சேர்ந்து வாசிப்பார்கள். இரண்டே தடங்களில் அது பதிவாகும். பிறகு சூகாய் நாடாவை வெட்டி ஒட்டிப் பாடலாக்குவார். நோர்வெனிஷ் கோட்டையில் பதிவான ‘மான்ஸ்டர் மூவி’ (1969) இப்படிப் பிறந்தது. அதில் பாடிய அமெரிக்கச் சிற்பி மால்கம் மூனி, மனநலம் குன்றி விரைவிலேயே நாடு திரும்பினார்.

1970இல் மியூனிக் தெருவில் பாடிக்கொண்டிருந்த ஜப்பானிய இளைஞர் டாமோ சுசுகியைச் சூகாயும் லீபெட்சைட்டும் கண்டனர். அன்றிரவே அவர் இவர்களோடு மேடையேறினார். அடுத்த மூன்றாண்டுகளே கேனின் உச்சம். ‘டாகோ மாகோ’ (1971) இரட்டை இசைத்தட்டு. அதன் ‘ஹாலேலுவா’வில் பதினெட்டு நிமிடம் பிசகாமல் சுழலும் லீபெட்சைட்டின் தாளம், ராக் டிரம்ஸ் வரலாற்றின் பெரும் சாதனைகளில் ஒன்று. தாள இயந்திரத்தையும் சேர்த்துக்கொண்ட ‘ஸ்பூன்’, தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் முகப்பிசையாகி ஜெர்மனியில் ஆறாம் இடம்வரை ஏறியது. அந்த மகிழ்ச்சியில் 1972இல் கொலோனில் இலவசக் கச்சேரி நடத்தினர். அதே ஆண்டின் ‘எகே பம்யாசி’ அட்டையில் இருப்பது துருக்கிய வெண்டைக்காய் டப்பா. ‘ஃப்யூச்சர் டேஸ்’ (1973) ஆரவாரம் அடங்கி, கடற்காற்றுபோல் விரியும் தொகுப்பு. அதோடு சுசுகி விலகினார்.

அவருக்குப் பதில் கரோலியும் ஷ்மிட்டும் பாடினர். ஆனால் ஒலியை உண்மையில் மாற்றியது பலதடப் பதிவுக் கருவி. ‘லேண்டட்’ (1975) முதல் ஒவ்வொருவரும் தம் பகுதியைத் தனியே பதிந்து சேர்க்க முடிந்தது. பதிவு துலங்கியது, ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டே வாசித்ததில் பிறந்த வேகம் குறைந்தது. ‘ஐ வான்ட் மோர்’ (1976) பிரிட்டனில் வெற்றி பெற்றபோதும் இந்தச் சரிவு நிற்கவில்லை. 1977இல் முன்பு டிராஃபிக் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவில் இருந்த ரோஸ்கோ ஜீயும் ரீபாப் குவாக்கு பாவும் சேர்ந்தனர், சூகாய் வெளியேறினார். 1979இல் குழு கலைந்தது. மூனியோடு மீண்டும் கூடிப் பதிந்த ‘ரைட் டைம்’ 1989இல் வெளிவந்தது.

கரோலி 2001இலும், லீபெட்சைட்டும் சூகாயும் 2017இலும், சுசுகி 2024இலும் காலமாயினர். வைலர்ஸ்விஸ்ட் ஊரில் பழைய திரையரங்கு ஒன்றில் இவர்கள் அமைத்த ‘இன்னர் ஸ்பேஸ்’ ஒலிப்பதிவுக்கூடம், சுவரில் அறைந்த ராணுவ மெத்தைகளோடு பெயர்க்கப்பட்டு, குரோனாவ் நகர ராக் இசை அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது.