மேடையில் எங்கல்பார்ட், பின்வரிசையில் பில் இங்கிலிஷ்

1968 டிசம்பர் 9. சான் பிரான்சிஸ்கோவில் கணினி மாநாடு. அரங்கில் ஏறத்தாழ ஆயிரம் பேர். அவர்களில் பெரும்பாலோருக்குக் கணினி என்றால் துளையிட்ட அட்டைகளைக் கொடுத்துவிட்டு, அச்சிட்ட தாள் வரும்வரை காத்திருப்பது. மேடையின் ஓரத்தில் காதோடு மைக் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் டக்ளஸ் எங்கல்பார்ட். வலக்கையில் மூன்று பொத்தான் வைத்த சின்னப் பெட்டி, இடக்கையில் ஐந்து விசைகள், நடுவே விசைப்பலகை. அந்தச் சின்னப் பெட்டிதான் மவுஸ்.

அவர் இயக்கிய கணினியோ அந்த ஊரிலேயே இல்லை. ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தள்ளி, மென்லோ பார்க்கில் இருந்த ஸ்டான்போர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்தது. திரையில் தெரிந்த படம் மைக்ரோவேவ் அலைகளில் வந்தது. அவர் தட்டியது ஆய்வகத்திலேயே செய்த மோடம் வழியாகப் போனது. அரங்கத்துப் பெரிய திரையில் படம் விழ, எண்ணெய்ப் படலத்தைக் கொண்டு ஒளிபாய்ச்சும் ஐடோஃபோர் என்ற சுவிட்சர்லாந்துக் கருவி. இவற்றில் ஒன்று மக்கர் செய்திருந்தாலும் மானம் போயிருக்கும்.

போகாமல் பார்த்துக்கொண்டவர் பில் இங்கிலிஷ். மவுஸின் முதல் மாதிரியைச் செய்த பொறியாளர் அவரே. அன்று அவர் மேடைக்கு வரவில்லை. அரங்கின் பின்புறம் இருந்து, எந்தக் கேமராவின் படம் எப்போது திரைக்கு வரவேண்டும், எதை எதோடு சேர்த்துக் காட்டவேண்டும் என்று நடத்திக்கொண்டிருந்தார். மென்லோ பார்க்கில் கேமரா பிடித்தவர்களில் ஒருவர், 'ஹோல் எர்த் கேட்டலாக்' வெளியிட்ட ஸ்டூவர்ட் பிராண்ட். கூட்டம் பார்த்தது ஒரே பேச்சாளரை. உழைத்தது ஒரு பட்டாளம்.

ஏற்பாடு ஒரு பக்கம். எங்கல்பார்ட் எடுத்துக்கொண்ட உதாரணம் அதைவிடக் கெட்டிக்காரத்தனமானது. ராணுவ ஆராய்ச்சி முகமையான ஆர்பாவும் நாசாவும் பணம் கொடுத்த ஆராய்ச்சி, சமன்பாடுகளை அடுக்கியிருக்கலாம். எங்கல்பார்ட் கடைக்குப் போக ஒரு பட்டியல் போட்டார். வாழைப்பழம், கேரட் என்று சேர்த்தார், இனம் பிரித்தார், தலைப்புகளுக்குள் மடித்தார், விரித்தார். பிறகு வீட்டுக்குப் போகும் வழியின் படம்: நூலகம் என்ற இடத்தைத் தொட்டால் அங்கே முடிக்கவேண்டிய வேலை வந்து நின்றது. இன்று இணைப்பைச் சொடுக்குகிறோமே, அதுதான். அத்தனை பேருக்கும் தெரிந்த வேலையைத் தெரியாத கருவியால் செய்துகாட்டியதால், கவனம் முழுக்கக் கருவிமேல் நின்றது. பிறகுதான் கனமான சரக்கு: மென்லோ பார்க்கில் இருந்த பில் பாக்ஸ்டனின் முகம் திரையில் ஒரு மூலையில் தெரிய, இருவரும் ஒரே பக்கத்தில் வேலை செய்தார்கள்.

90 நிமிடம். முடிந்ததும் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. இதே ஆய்வைப் பற்றி எங்கல்பார்ட்டும் இங்கிலிஷும் எழுதிய கட்டுரை மாநாட்டுத் தொகுப்பில் இருக்கிறது. அதை இன்று தேடிப் படிப்பவர் சிலரே. பேச்சுக்கோ 'செயல்விளக்கங்களுக்கெல்லாம் தாய்' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

கைதட்டல் நிலையான நிதியாக மாறவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளில் இங்கிலிஷ் உட்படப் பலர் ஜெராக்ஸின் பார்க் ஆய்வகத்துக்குப் போய்விட்டார்கள். 1970-களின் நடுவில் பணம் வற்றியது. எங்கல்பார்ட்டுக்கு டூரிங் விருது 1997-ல்தான் கிடைத்தது.

பேச்சின் படச்சுருள் பத்திரமாக இருக்கிறது, இணையத்திலும் கிடைக்கிறது. மாநாட்டில் பேச வாய்ப்பு வந்திருப்பவர்கள், சிலைடுகளைத் திறக்குமுன் அந்தக் கடைப் பட்டியல் பகுதியையாவது பார்த்துவிடுங்கள்.