மணிமேகலையில் அளவை வாய்பாடும் வழக்குத் தமிழும்

சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையில் 29ஆம் காதை, காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை நூலை உணர்த்தும் பகுதியாகும். நியாயப்பிரவேசம் என்னும் வடமொழிச் சிறு நூலோடு இது பெரிதும் ஒத்துச் செல்வதை அறிஞர் பலர் காட்டியுள்ளனர். அந்நூலைத் திக்நாகருக்கு உரியதென்பாரும் சங்கரசுவாமிக்கு உரியதென்பாரும் உளர். சாத்தனாரே திக்நாகருக்கு முற்பட்டவர் என 1928இல் வெளிவந்த தம் நூலில் கிருஷ்ணசாமி ஐயங்கார் வாதிட்டார். குப்புசாமி சாத்திரியார் அதனை உடன்பட்டிலர். சாத்திரியார் கொள்கையே வலியுடைத்து என்பது நம் துணிபு. ஆயின் ஈண்டு நாம் ஆராயப் புகுவது காலமன்று. வாய்பாடாக நின்ற தருக்கத்தை மக்கள் பேசும் தமிழாக்க அப்புலவர் கொண்ட நெறியே.

கலைச்சொற்களை அவர் பெயர்க்கவில்லை. பட்சம் பக்கமாகவும், திருட்டாந்தம் திட்டாந்தமாகவும் ஒலி திரிந்து நின்றன. இதுபற்றி அவரைக் குறை கூறுவோர் சொல்லை நோக்கித் தொடரை நோக்காதவர். மலையில் நெருப்புண்டு என்பதற்குப் புகையை ஏதுவாக்கி எடுத்துக்காட்டுக் கூறுமிடத்து, வடமொழியின் மகாநசம் அடுக்களையாகி நம் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. கிருதகத்துவம் என்ற இறுகிய சொல், பண்ணப்படுதல் என நெகிழ்கிறது. உலகோடு மாறுபடும் கூற்றுக்கு மனிதத் தலையோடு தூயது என்னும் வாதத்தை நியாயப்பிரவேசம் காட்டும். சாத்தனார் அதனை விடுத்து, மதியைச் சந்திரன் அன்று என மறுப்பதைக் காட்டினார். வடமொழியில் சசி, சந்திரன் என்னும் பெயர்களால் அமைந்த பழைய எடுத்துக்காட்டு அது. சசி இருந்த இடத்தில் நம் மதி அமர்ந்ததும் முரண் விளக்கம் வேண்டாமலே புலப்படுகிறது.

அரிய இடம் எதிர்மறை. நெருப்பில்லாத இடத்துப் புகையில்லை என்பது சரி. புகையில்லாத இடத்து நெருப்பில்லை என்பது பிழை. பேச்சில் இரண்டும் ஒன்றுபோல் ஒலிக்கும். அம்பத்தூர்த் தொழிற்பேட்டைப் பட்டறையிற் பழுக்கக் காய்ந்த இரும்பில் புகையைக் காணோம், நெருப்போ உண்டு. இவ்வாறு முறை மாற்றிக் கூறுதலை விபரீத வெதிரேகம் எனப் பெயரிட்டுப் போலிகளுள் வைத்தது அக்காதை.

எல்லாம் என்னும் சொல்லோடு எதிர்மறை சேரின் இடர் இன்னும் மிகும். ஆவடி வட்டாரத்து ஏரிகள் எல்லாம் வற்றவில்லை என்றால், ஒன்றும் வற்றவில்லையோ, சில வற்றிச் சில எஞ்சினவோ? இன்றைய குறியீட்டுத் தருக்கத்தில் இவை இருவேறு வாய்பாடுகள். அளவுக்குறி முன்னும் மறுப்புக்குறி பின்னும் நிற்பது ஒன்று, மறுப்பு முன்னிற்பது மற்றொன்று. தொல்காப்பியர் இடையியலில் முற்றும்மை எச்சப் பொருளும் படும் என்றார். பத்தையும் கொடாதே என விலக்கினால் சில கொடுக்கலாம் என்பதும் பெறப்படும் என உரைகாரர் விளக்கினர். ஆகவே வாய்பாட்டைத் தமிழாக்குவோர், ஏரி ஒன்றேனும் வற்றவில்லை என்றோ, வற்றாத ஏரியும் உண்டு என்றோ பிரித்தே எழுதுதல் வேண்டும்.