சொல்லின் வலிமையும் எல்லையும்

கவர்ச்சியான விளம்பர வாசகம் ஒன்று வாய்த்துவிட்டால் மக்கள் மனத்தை வேண்டியவாறு திருப்பிவிடலாம் என்பது வணிகர் பலரின் நம்பிக்கை. அரசுகளும் இந்நம்பிக்கையினின்று முற்றும் விடுபட்டவை அல்ல. சொல்லுக்கு உண்மையிலேயே அத்துணை ஆற்றல் உண்டா? சிங்கப்பூரின் குடும்பத் திட்ட வரலாறு இவ்வினாவிற்குத் தெளிவான விடை தருகிறது.

1966ஆம் ஆண்டில் குடும்பத் திட்டத்திற்கென அரசு ஒரு வாரியத்தை நிறுவியது. பெண்ணாயினும் ஆணாயினும் இரு குழந்தைகளே போதும் என்னும் கருத்தமைந்த முழக்கம் 1972இல் எழுந்தது. நாட்டின் நான்கு மொழிகளிலும் அது ஒலித்தது. சிராங்கூன் சாலைத் தமிழருக்கும் தோ பாயோ அடுக்குமாடிச் சீனருக்கும் அவரவர் மொழியிலேயே அச்செய்தி சென்றடைந்தது. 1965இல் ஒரு பெண்ணுக்கு ஏறத்தாழ 4.7 என்றிருந்த குழந்தைப் பேற்று விகிதம், 1975இல் 2.1 ஆயிற்று. சொல்லே வென்றது எனக் கருதத் தோன்றும்.

ஆயினும், முன்னும் பின்னும் நோக்கின் உண்மை வேறாகப் புலப்படும். 1957இல் அவ்விகிதம் ஆறுக்கு மேல் இருந்தது. அஃதாவது, வாரியம் தோன்றுமுன்பே சரிவு தொடங்கிவிட்டது. பெண்கள் கல்வி பெற்றனர். தொழிற்சாலைகளில் வேலைக்குச் சென்றனர். பிறந்த குழந்தைகள் பிழைத்து வளர்ந்தன. சிறிய அடுக்குமாடி வீடுகளே குடும்பங்களின் இல்லங்களாயின. 1973 முதல் பிள்ளைகளின் எண்ணிக்கை கூடக்கூட அரசாங்க மருத்துவமனைப் பேறுகாலக் கட்டணமும் கூடியது. சம்பளத்துடன் கூடிய பேறுகால விடுப்பு முதல் இரு பிள்ளைகளுக்கு மட்டுமே என்றாயிற்று. வாசகம் தனித்து நின்று வெல்லவில்லை. காற்று வீசிய திசையிலேயே பாய் விரித்தது.

காற்றுக்கு எதிராகச் செல்ல நேர்ந்தபோது நிகழ்ந்தது யாது? 1986இல் விகிதம் 1.43 ஆகக் குறைந்தது. 1987 மார்ச்சில், அப்போதைய முதலாம் துணைப் பிரதமர் கோ சோக் தோங் புதிய கொள்கையை அறிவித்தார். வசதியுள்ளோர் மூன்று குழந்தைகளோ அதற்கு மேலோ பெறலாம் என்பது புதிய முழக்கம். வரிச்சலுகையும் உடன் வந்தது. சீனர் நற்பேறு தருவதெனக் கருதும் டிராகன் ஆண்டான 1988இல் விகிதம் 1.96ஐ எட்டியது, எனினும் அவ்வுயர்வு நிலைக்கவில்லை. 2023இல் அது 0.97 ஆக வீழ்ந்தது.

நாடு அதுவே, மொழிகளும் அந்நான்கே. முன்னைய முழக்கம் வாழ்க்கை ஏற்கெனவே கூறத் தொடங்கியதை எடுத்துரைத்தது. பின்னையது வாழ்க்கையை மறுத்துரைத்தது. வேறுபாடு இதுவே.

சொல் பயனற்றது என்பது இதன் பொருளன்று. தயங்கி நிற்பவர்க்கு அது துணிவு தரும். வழி தேடுபவர்க்கு வழி காட்டும். கேட்போர் வாழ்வில் இடமில்லாத ஒன்றை அதனால் உண்டாக்க இயலாது. சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், அவையறிதலுக்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்ததன் பொருத்தம் இங்கே விளங்கும். சொல்லைத் தேர்வோர் முதற்கண் அறிய வேண்டுவது, கேட்போரின் வாழ்வையே ஆகும்.