கட்டபொம்மன் பஸ்ஸும் அவர் தளபதியும்

டவுன் பஸ் வரலைன்னு திட்டுறது நெல்லையில அன்றாடம். 1997-ல் கதையே வேறு: வரப்போற பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றார்கள்.

1974-ல் தொடங்கியது கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம். எல்லாரும் ஏறினார்கள். 1997-ல் விருதுநகரில் அமைந்த புதிய கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை அரசு வைத்தது. கட்டபொம்மனின் படைத்தளபதி, தேவேந்திரகுலத்தவர். ஆதிக்க சாதியினரில் ஒரு பகுதி எதிர்த்துக் கிளம்ப, தென்மாவட்டங்களில் கலவரம், உயிர்ப்பலி. தலைவர் பெயர்ல போகலாம், தளபதி பெயர்ல கூடாதாம், பாருங்க!

கடைசியில் எல்லாக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரையே அரசு எடுத்துவிட்டது. நம்ம மாவட்டமும் அதுவரை 'நெல்லை கட்டபொம்மன்'தான். பொதுவா இதைச் சமரசம்னு சொல்றாங்க. எதிர்த்தவங்க ஜெயிச்சதாத்தான் நான் பார்க்கிறேன். சந்திப்பு பஸ் ஸ்டாண்டில் 'கட்டபொம்மன் பஸ்'னு பெரியவங்க சொல்லிக் கேட்டிருக்கேன். சுந்தரலிங்கம் பஸ்னு யாரும் சொல்லிக் கேட்டதில்லை.